பின்னணி என்னும் சொல்லின் போதாமை: ஆடுபானின் பறவைத் தகடுகளில் கனியும் கிளையும்

திறவுச்சொற்கள்: பறவை ஓவியம், ஆடுபான், கேதுருப் பறவை, ஜோசப் மேசன், ஷேக் சைனுத்தீன், பின்னணி, கருப்பொருள்

முன்னுரை

இயற்கையை உள்ளவாறே தீட்டும் பறவை ஓவியங்களைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் பறவையில் தொடங்கிப் பறவையிலேயே முடிந்துவிடுகிறது. இறகுகளின் அடுக்கு, கண்ணின் ஒளி, அலகின் வளைவு, நகத்தின் பிடி ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. பறவை அமர்ந்திருக்கும் கிளை, அக்கிளையின் கனி, இலையில் புழு அரித்த துளை ஆகியவை ‘பின்னணி’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டு ஓரிரு தொடர்களில் முடிக்கப்படுகின்றன. தமிழில் இச்சொல் நாடக அரங்கோடும் திரைப்படத்தோடும் தொடர்புற்றுப் பரவியது. பின்னணிப் பாடகரின் முகம் திரையில் தோன்றாது. ஆயினும் அவர் பெயர் பெயர்ப்பட்டியலில் இடம்பெறும். பறவை ஓவியத்தில் கிளையை வரைந்தவருக்கு அந்த வாய்ப்பும் கிட்டாமற்போன நேர்வுகள் உண்டு.

ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் (1785–1851) ‘அமெரிக்கப் பறவைகள்’ என்னும் பெருந்தொகுதியை முதன்மைத் தரவாகக் கொண்டு இரு வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. ஓவியத்திலுள்ள கனியும் கிளையும் பறவைக்கு என்ன உறவு? அவற்றை வரைந்த கை யாருடையது? முதல் வினாவிற்குச் சரியான விடை கண்டால் இரண்டாம் வினாவைத் தள்ளிவைக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கேதுருப் பறவையும் இரண்டு கிளைகளும்

‘அமெரிக்கப் பறவைகள்’ 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து தகடுகள். மொத்தம் 87 பகுதிகள், 435 தகடுகள். செம்பில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணமிடப்பட்ட இத்தாள்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுடையவை. பறவை எதுவாயினும் அதன் உயிரளவிலேயே காட்டப்பட வேண்டும் என்பது ஆடுபான் வகுத்துக்கொண்ட விதி. இவ்விதி பெரிய பறவைகளுக்கு நெருக்கடியை உண்டாக்கியது. செந்நாரை போன்ற நெடுங்கழுத்துப் பறவை தாளுக்குள் அடங்கக் கழுத்தை வளைத்துக் குனிய வேண்டியதாயிற்று. சிறிய பறவைகளுக்கு நேர்ந்த சிக்கல் இதற்கு எதிரானது. அவற்றுக்குச் சிறிய தகடுகளே பயன்படுத்தப்பட்டன என்றாலும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத பறவை அதையும் நிரப்பாது. எஞ்சிய இடத்தைச் செடியும் கிளையுமே ஏற்றன. ஆகவே சிறு பறவைகளின் தகடுகளில் பரப்பளவால் மிகுதி செடியே. பறவை அதன் ஒரு பகுதி. கண்ணால் எளிதில் அளந்தறியத்தக்க இச்செய்தியைப் ‘பின்னணி’ என்னும் சொல் மறைத்துவிடுகிறது.

தொகுதியின் 43ஆம் தகடு கேதுருப் பறவை. சிவப்புக் கேதுரு எனப்படும் மரத்தின் கிளையில் ஆணும் பெண்ணுமாக இரு பறவைகள். தலையில் குஞ்சி, கண்ணைக் கடந்து செல்லும் கரும்பட்டை, வாலின் நுனியில் மஞ்சள் விளிம்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்ற வேறுபாடு மிகச் சிறிது. எது ஆண் எது பெண் என்பதைப் படக்குறிப்பிலுள்ள எண்ணே உணர்த்துகிறது. அப்படக்குறிப்பு பறவையின் பெயரோடு மரத்தின் பெயரையும் இலத்தீன் வடிவத்துடன் தருகிறது.

இதே பறவையை ஆடுபானுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே மார்க் கேட்ஸ்பி வரைந்திருந்தார். கரோலைனா, புளோரிடா, பகாமா தீவுகளின் இயற்கை வரலாறு குறித்து 1731 முதல் 1743 வரை வெளிவந்த அவர் நூல் பறவையையும் செடியையும் ஒரே தாளில் இணைத்துக் காட்டிய முன்னோடி முயற்சிகளுள் தலையாயது. பறவைகளை அவை உண்ணும் செடிகளோடு, அல்லது அவற்றோடு ஏதேனும் தொடர்புடைய செடிகளோடு, இயன்றவரை பொருத்தியதாகக் கேட்ஸ்பி தம் முகவுரையில் கூறுகிறார். இது மிக உயர்ந்த கொள்கை. ஆனால் கேதுருப் பறவையை அவர் அமர்த்திய இடம் கரோலைனா ஆல்ஸ்பைஸ் என்னும் நறுமணப் புதரின் பூத்த கிளை. கனியுண்டு வாழும் பறவைக்கு அங்கே உண்பதற்கு ஒன்றுமில்லை. அப்புதரின் விதைகளில் நச்சுப்பொருளும் உண்டு. செம்பழுப்புப் பூவும் சாம்பல் கலந்த பழுப்புப் பறவையும் நிறத்தால் ஒத்துப்போகின்றன என்பதன்றி வேறு காரணம் அப்படத்திலிருந்து புலப்படவில்லை. கேட்ஸ்பியின் கொள்கைக்கும் இந்தத் தாளுக்கும் இடையிலுள்ள இடைவெளியே நம் ஆய்வுக்கு முதல் திறவுகோல். இரு ஓவியங்களிலும் பறவை அடையாளம் காணத்தக்க அளவுக்கு மெய்யாக உள்ளது. இரண்டிலும் செடியும் அடையாளம் காணத்தக்கதே. வேறுபாடு அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பில் இருக்கிறது. உருவத்தின் மெய்ம்மை வேறு, உறவின் மெய்ம்மை வேறு. முன்னதைக் கண் சொல்லும். பின்னதைச் சொல்ல அந்நிலத்தில் பருவந்தோறும் பறவையைத் தொடர்ந்து நோக்கியிருக்க வேண்டும்.

கேட்ஸ்பிக்கும் ஆடுபானுக்கும் இடையில் வந்த அலெக்சாண்டர் வில்சனின் ‘அமெரிக்கப் பறவையியல்’ (1808–1814) இந்த வினாவை எழுப்பவே இல்லை. செலவைக் குறைக்க ஒரே தகட்டில் பல பறவைகளை நெருக்கி வைத்த அமைப்பில் கிளைக்கு இடம் குறைவு.

கனி பறவையுள் புகும் விதம்

கேதுருப் பறவையின் அறிவியற்பெயரில் அமைந்த ‘கெட்ரோரம்’ என்னும் சொல் ‘கேதுருக்களுடைய’ என்று பொருள்படும். ஒரு மரத்தின் உடைமையாகவே பெயர் பெற்ற பறவை அது. இப்பெயரில் வழு உண்டு. சிவப்புக் கேதுரு உண்மையில் கேதுரு அன்று, ஜூனிப்பர் இனம். அதன் ‘கனி’யும் தாவரவியல் நோக்கில் கனி அன்று. செதில்கள் சதைப்பற்றோடு ஒன்றிணைந்து உருண்ட பெண் கூம்பே அது. நீலக் கருமையும் அதன்மேல் வெண்மெழுகுப் படலமும் கொண்ட அவ்வுருண்டையை மக்கள் கனி என்றனர். பறவையும் அவ்வாறே கொண்டது. பெயர் சூட்டியவர்கள் இரு வகையில் பிழைபட்டனர். ஓவியத்திற்குப் பெயரிடும் கடமை இல்லாமையால் அப்பிழை அதனுள் புகவில்லை.

அக்கனியைக் குறித்து ஆடுபான் தம் ‘பறவையியல் வாழ்க்கை வரலாறு’ (1831–1839) என்னும் உரைநூலில் எழுதியிருப்பதும் நோக்கத்தக்கது. இப்பறவைகள் சில வேளைகளில் பறக்க இயலாத அளவுக்குக் கனிகளை உண்டு, கையாலேயே பிடிபட்டுவிடும் என்கிறார். தகட்டில் இப்பெருந்தீனி காட்டப்படவில்லை. உரையும் படமும் பணியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பறவைக்குக் கனி உணவு. மரத்திற்குப் பறவை ஊர்தி. பறவையின் குடல்வழி வந்த ஜூனிப்பர் விதைகள், அவ்வாறு வாராத விதைகளைக் காட்டிலும் மிகுதியாக முளைப்பதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவ்வுறவு இதனினும் ஆழமானது. முதிர்ந்த கேதுருப் பறவையின் சிறகில் சில இறகுகளின் நுனியில் அரக்கு முத்திரை போன்ற சிவந்த மெழுகுத் துளிகள் அமைகின்றன. அவற்றின் நிறத்துக்கும் வால்நுனி மஞ்சளுக்கும் அடிப்படையான கரோட்டினாய்டு நிறமிகளைப் பறவையின் உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். 1960களில் வட அமெரிக்காவின் வடகிழக்கில் வால்நுனி மஞ்சளாக இல்லாமல் செம்மஞ்சளாக அமைந்த பறவைகள் காணப்படலாயின. காரணம் தேடியபோது, ஜப்பானிலிருந்து அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்டுப் பரவிய ஒருவகை ஹனிசக்கிள் புதரின் கனிகளே அது எனத் தெரிந்தது. வாலிறகு வளரும் காலத்தில் அக்கனியை உண்ட பறவைகளின் வாலில் அக்கனியின் நிறமியே படிந்திருந்தது.

இதை அறிந்த பின் 43ஆம் தகட்டை முன்போல் பார்க்க இயலாது. அதிலுள்ள மஞ்சள் விளிம்பு இனத்தின் அடையாளம் மட்டுமன்று. அயற்கனி வருமுன் அந்நிலத்தில் பறவைகள் எதை உண்டன என்பதற்கான சான்றும் ஆகும். கனியைப் பின்னணி என்றும் பறவையைப் பொருள் என்றும் பிரிக்கும் கோடு பறவையின் உடலிலேயே அழிந்துவிடுகிறது. ஆடுபான் இவ்வேதியியலை அறிந்திருக்க வழியில்லை. ஆனால் எக்கிளையில் எப்பறவை என்ற தேர்வைச் சரியாகச் செய்த ஓவியம் தன் ஆசிரியர் அறியாததையும் பதிந்து வைத்திருக்கிறது.

உயிரோடிருந்தது எது?

ஆடுபானின் தகடுகளில் ‘இயற்கையிலிருந்து வரையப்பட்டது’ என்னும் குறிப்பு அவர் பெயரோடு காணப்படும். அவர் வரைந்த முறை நன்கு அறியப்பட்டது. அண்மையில் சுடப்பட்ட பறவையைக் கட்டமிட்ட பலகையில் கம்பிகளால் குத்தி, பறக்கும் நிலையிலோ இரை கவரும் நிலையிலோ நிறுத்துவார். தாளிலும் அதே அளவில் கட்டங்களிட்டு உயிரளவில் வரைவார். பாடம் செய்து பஞ்சடைத்த பறவைகளைப் பார்த்து விறைப்பாக வரைந்த முன்னோர் முறையிலிருந்து இது பெரிய விலகல். அவருடைய பறவைகளில் காணும் துடிப்புக்கு இதுவே காரணம் எனப் புகழப்படுகிறது, அப்புகழ் தகுதியானதே.

ஆயினும் அந்தப் பலகையின்முன் உயிரோடு இருந்தது எது என்று கேட்டாக வேண்டும். பறவை இறந்தது, அதன் அசைவு ஓவியரின் நினைவிலிருந்தும் கம்பியின் வளைவிலிருந்தும் மீட்கப்பட்டது. செடியோ வெட்டிக்கொண்டு வரப்பட்டுச் சில மணி நேரமேனும் பசுமையோடு இருந்தது. இலைநுனி துவளுமுன் வரைந்து முடிக்கவேண்டிய நெருக்கடி செடி ஓவியருக்கே உரியது. ‘இயற்கையிலிருந்து’ என்னும் தொடர் சொல்லுக்குச் சொல் பொருந்துவது பல தகடுகளில் பறவையைவிடக் கிளைக்கே என்பது என் துணிபு.

பெயரில்லாத கைகள்

1820 அக்டோபரில் ஆடுபான் சின்சினாட்டியிலிருந்து ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே நியூ ஆர்லியன்ஸ் நோக்கிப் படகில் புறப்பட்டபோது உடன் சென்றவர் ஜோசப் மேசன் என்னும் பதின்மூன்று வயது மாணவர். 1822 வரை ஆடுபானோடு இருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களுக்குச் செடி, கொடி, பூ, கனிகளை வரைந்தவர் அவர். பூக்களை வரைவதில் அமெரிக்காவிலேயே அவரை மிஞ்சியவர் இரார் என்னும் பொருள்பட ஆடுபான் தம் மனைவி லூசிக்கு மடல் எழுதினார். ஆனால் அச்சான தகடுகளின் அடியில் இருப்பவை இரண்டே பெயர்கள்: வரைந்தவராக ஆடுபான், செதுக்கி அச்சிட்டு வண்ணமிட்டவராக ராபர்ட் ஹேவல். முதற் பத்துத் தகடுகளைத் தொடங்கிய எடின்பரோ செதுக்கர் லிசார்ஸின் பெயருக்குக்கூட ஓரளவு இடமிருந்தது. மேசனுக்கு இல்லை. பிற்காலத்தில் மேசன் இது குறித்து மனக்குறைப்பட்டார்.

மேசனுக்குப் பின் நிலக்காட்சிகளையும் செடிகளையும் வரைந்தவர் ஜார்ஜ் லேமன். சார்ல்ஸ்டன் நகரில் ஆடுபானின் நண்பர் ஜான் பாக்மனின் இல்லத்திலிருந்த மரியா மார்ட்டின் (1796–1863) பூக்களையும் பூச்சிகளையும் வரைந்துதவினார். மரியா மார்ட்டினின் உதவியை ஆடுபான் உரைநூலில் நன்றியோடு குறிப்பிட்டு, ஒரு மரங்கொத்திக்கு அவர் பெயரையும் இட்டார். உரையில் கிடைத்த இடம் தகட்டில் கிடைக்கவில்லை என்பதைக் கருத வேண்டும். உரையைப் படிப்போர் சிலர், தகட்டைப் பார்ப்போர் பலர். இனி, ஹேவலின் கூடத்தில் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு கனிக்கும் நீலமோ சிவப்போ இட்ட வண்ணப் பணியாளர்கள் வேறு. ஒரு தகட்டின் படிகளுக்குள் காணும் நிறவேறுபாடு அவர்கள் விட்டுச்சென்ற ஒரே தடம்.

அக்காலத்துப் பட்டறை மரபில் இது இயல்பே, உதவியாளர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை, இன்றைய அறத்தை அன்றைக்கு ஏற்றிக் கூறலாகாது என்று மறுப்பார் உண்டு. அம்மறுப்பில் பாதி உண்மை. ஆடை மடிப்பையும் வானத்தையும் வரைந்த உதவியாளர்கள் ஐரோப்பியப் பட்டறைகளில் பெயரற்றே இருந்தனர். ஆனால் இங்கே செடி, ஆடை மடிப்பைப் போன்றதன்று. அதன் இலத்தீன் பெயர் பறவையின் பெயரோடு சேர்த்துத் தகட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. எந்த இனம் என்று அறுதியிட்டுக் கூறத்தக்க அறிவுச்சான்றாக அது வாசகர் முன் வைக்கப்படுகிறது. செடிக்குப் பெயர் வேண்டும், செடியை அவ்வாறு அறிந்து வரைந்தவருக்குப் பெயர் வேண்டா என்பது பட்டறை மரபு ஆகாது. கிளையை ஒரே நேரத்தில் அறிவாகவும் அலங்காரமாகவும் கொள்ளும் முரண்பாடு அது. நிலைத்துவிட்ட இம்முரணை அடுத்துவந்த திறனாய்வாளர்கள் ‘பின்னணி’ என்ற சொல்லால் பூசி மெழுகினர். மூல நீர்வண்ண ஓவியங்கள் 1863இல் லூசியிடமிருந்து நியூயார்க் வரலாற்றுக் கழகத்தால் வாங்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. பறவைக் கை எது, செடிக் கை எது எனப் பிரித்தறிய இம்மூலங்களே வழி. தமிழில் இத்தகடுகளைப் பற்றி எழுதுவோர் அச்சுப்படியை மட்டும் கண்டு ‘ஆடுபானின் தூரிகை’ என்று பொதுவாகப் புகழ்வதைத் தவிர்த்தல் நன்று.

இலந்தைக் கிளை

இதற்கு மாறான ஒரு நேர்வு ஆடுபானுக்கு அரை நூற்றாண்டு முன்னரே கல்கத்தாவில் நிகழ்ந்தது. அங்கு உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த எலைஜா இம்பியின் மனைவி மேரி இம்பி 1777 முதல் 1782 வரை பாட்னாவைச் சேர்ந்த மூன்று ஓவியர்களைக் கொண்டு முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரின ஓவியங்களை வரைவித்தார். ஷேக் சைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்பன அவர்தம் பெயர்கள். நமக்கு இப்பெயர்கள் தெரிந்திருப்பதற்குக் காரணம் தாள்களிலேயே அவை பாரசீக எழுத்தில் குறிக்கப்பட்டிருப்பதுதான்.

சைனுத்தீன் 1777இல் வரைந்த ஓர் ஓவியம் இன்று மினியாபொலிஸ் கலைக்கழகத்தில் உள்ளது. தமிழகத் தோட்டங்களிலும் எளிதில் காணத்தக்க கருங்கொண்டை மைனா இலந்தைக் கிளையில் அமர்ந்திருக்கிறது. அதே கிளையைச் சார்ந்து டசர் பட்டு இனத்து அந்துப்பூச்சிகள் இரண்டு, ஒரு புழு, ஒரு கூடு. இப்பொருள்களின் சேர்க்கை தற்செயலானதன்று. டசர் புழு இலந்தை இலையைத் தின்று வளர்வது. வங்காளத்துக் காட்டுப்பட்டைப் பற்றி எழுதிய தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் பின்னாளில் இலந்தையை அதன் உணவு மரமாகக் குறித்தார். மைனாவோ கனியையும் பூச்சியையும் உண்ணும் பறவை. புழு, கூடு, அந்து என்னும் மூன்று பருவங்களும் ஒரே தாளில் நிற்கையில் அவ்வோவியம் ஒரு நொடியைக் காட்டவில்லை. ஒரு மரத்தைச் சார்ந்து நடக்கும் வாழ்க்கைச் சுழற்சியைக் காட்டுகிறது. இப்பறவைக்கு இலத்தீன் இனப்பெயர் சூட்டப்பட்டது 1789இல். ஓவியம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது.

பறவையையும் கிளையையும் வரைந்த கை இங்கு ஒன்றே; அக்கைக்குப் பெயரும் உண்டு. எனினும் தொகுதி ‘இம்பி தொகுப்பு’ என்றும் பாணி ‘கம்பெனி ஓவியம்’ என்றுமே வழங்குகின்றன. ஓவியருக்குத் தாளில் இடமளித்தவர்களும் நூற்பட்டியலில் இடமளிக்கவில்லை. 2019 டிசம்பரில் இலண்டன் வாலஸ் அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி இவ்வோவியர்களை ‘மறக்கப்பட்ட மேதைகள்’ என்று அழைத்தது. பெயர் எழுதப்பட்டிருந்தும் மறக்கப்பட்டவர்கள் இவர்கள். எழுதப்படாமலே விடப்பட்டவர் மேசன்.

தமிழாய்வாளர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் கருப்பொருள் நினைவுக்கு வருதல் இயல்பு. மரத்தையும் புள்ளையும் ஒரே பட்டியலில், ஒரே நிலத்துக்குரியனவாகச் சேர்த்தெண்ணிய மரபு நம்முடையது; ‘பின்னணி’யைவிடப் பொருத்தமான கலைச்சொல் அதில் உண்டு. ஆனால் அச்சொல்லை அப்படியே எடுத்து வந்து சைனுத்தீனைத் திணைக்கவிஞர் ஆக்குவது பிழையாகும். கருப்பொருள் உரிப்பொருளுக்குத் துணையாவது. இவ்வோவியத்தில் உரிப்பொருள் எனத்தக்க மாந்தர் உணர்வு இல்லை. பாட்னா ஓவியரின் பயிற்சி முகலாய மரபில் வேர்கொண்டது. கருப்பொருளிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒரு பார்வையொழுங்கு மட்டுமே: புள்ளும் மரமும் ஒன்றுக்கொன்று முன்னும் பின்னுமாக நிற்பன அல்ல, உடனிருப்பன.

உறவும் நாடகமும்

உறவைக் காட்டுவதும் உறவை நாடகமாக்குவதும் வேறு. ஆடுபானின் 21ஆம் தகட்டில் மல்லிகை போன்ற மஞ்சட் பூங்கொடி படர்ந்த மரத்தில், கூட்டைத் தாக்கும் கிலுகிலுப்பைப் பாம்போடு பறவைகள் போராடுகின்றன. இப்பாம்பு மரமேறுமா, அதன் நச்சுப்பல் அவ்வாறு வளைந்திருக்குமா என்று அந்நாளில் பெரும் பூசல் எழுந்தது. பாம்பு மரமேறும் என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் அத்தகட்டில் நம் கண்ணை ஈர்ப்பது மேடைக்காட்சியே. பூங்கொடி அங்கே உண்மையிலேயே அலங்காரமாகிவிட்டது. ‘பின்னணி’ என்ற சொல் பொருந்தும் தகடுகளும் உள்ளன என்பதை மறுக்க வேண்டியதில்லை.

மறுகோடியில் நிற்பது 26ஆம் தகடு. ஏழு கரோலைனாக் கிளிகள் ஒரு முட்காய்ச் செடியில் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. ஒன்று நம்மையே நேராக நோக்குகிறது. அச்செடி உழவர் வெறுத்த களை. அதன் காய் நச்சுடையது. கிளிகளோ அதை விரும்பி உண்டன. பழத்தோட்டங்களையும் தானியத்தையும் அழிப்பதாகக் கருதப்பட்டு அக்கிளிகள் திரள்திரளாகச் சுடப்பட்டன. காப்பில் இருந்த கடைசிப் பறவை 1918 பிப்ரவரி 21 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது. செடிக்கு அழிவு நேரவில்லை. தகட்டில் உள்ள அந்த முட்காய்ச் செடி மருளூமத்தை என்னும் பெயரில் தமிழகத்தின் ஏரி உள்வாய்களிலும் தரிசுகளிலும் இன்றும் மண்டிக்கிடக்கிறது. ஆட்டின் மயிரிலும் வேட்டியின் கரையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் கடக்கிறது. 26ஆம் தகட்டின் கிளையை வரைந்தவர் எவ்வளவு உண்மையாக வரைந்தார் என்பதை இங்கேயே ஒரு காயைப் பறித்து ஒப்பிட்டுச் சொல்லலாம். கிளியை ஒப்பிட அருங்காட்சியகப் பேழையிலுள்ள தோல்களே உள்ளன.